செய்தி சொல்ல உரிமையில்லாத வானொலி

(ஆதம்பாக்கத்தில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஆதம்பாக்கத்தில் நாளை குடிநீர் வராது என்று சென்னையின் எந்தத் தனியார் பண்பலை நிலையமும் அறிவிக்கலாம். ஏன் வராது, யார் பொறுப்பு என்று விசாரித்து அதையே செய்தியாகச் சொல்லக் கூடாது. 2011இல் மத்திய அரசு வெளியிட்ட மூன்றாம் கட்டப் பண்பலைக் கொள்கை இப்படித்தான் கோடு கிழித்திருக்கிறது. விளையாட்டு, போக்குவரத்து, வானிலை, திருவிழா, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு ஆகியவற்றோடு, உள்ளாட்சி நிர்வாகம் தரும் மின்சார, குடிநீர் அறிவிப்புகளும் செய்தி அல்லாதவை என்ற கணக்கில் வருகின்றன. அவற்றுக்கு அனுமதி உண்டு. செய்தியே வேண்டுமென்றால் அகில இந்திய வானொலியின் அறிக்கையை ஓர் எழுத்தும் மாற்றாமல் ஒலிபரப்பிக்கொள்ளலாம். சொந்தமாகச் செய்தி திரட்டவோ, நடப்பு அரசியலை விவாதிக்கவோ உரிமம் இடம் தராது.

பறக்கும் ரயில் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை 5 கிலோமீட்டர் நீட்டிப்பு வேலை 2008இல் தொடங்கியது. புழுதிவாக்கத்திலும் ஆதம்பாக்கத்திலும் நிலையம், பரங்கிமலையில் மின்சார ரயிலோடும் மெட்ரோவோடும் இணைப்பு என்று திட்டம். ஏறத்தாழ நாலரை கிலோமீட்டர் எழும்பிவிட்ட பிறகு, ஆதம்பாக்கத்தை ஒட்டிய அரைக் கிலோமீட்டர் மட்டும் நில எடுப்பு வழக்குகளில் சிக்கிப் பத்தாண்டுக்கும் மேலாக நின்றது. வீட்டை இழக்கப்போகிறவர்களுக்கு ஒரு நியாயம் இருந்தது. தினமும் நெரிசலில் நிற்பவர்களுக்கு ஒரு நியாயம் இருந்தது. அரசுக்கும் ரயில்வேக்கும் சொல்ல வேண்டிய பதில் இருந்தது. ஒரு வானொலி நிலையம் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கி எல்லாரையும் தொலைபேசியில் வரவழைத்திருக்க வேண்டிய விஷயம் இது. சென்னையின் பண்பலைகளால் சட்டப்படி சொல்ல முடிந்ததோ, உள்வட்டச் சாலையில் நெரிசல், மாற்று வழியில் செல்லுங்கள் என்பது வரைதான்.

வானொலிப் பேச்சு எந்தக் கட்சிப் பக்கம் சாய்கிறது என்ற கேள்வியை அமெரிக்காவில் கேட்டால் உடனே பதில் கிடைக்கும்: வலதுசாரிப் பக்கம். தமிழ்நாட்டில் கேட்டால், இங்கே வானொலியில் அரசியலே கிடையாதே என்பார்கள். அந்தப் பதில் தவறு. ஒரு தரப்பு மட்டும் செய்தி சொல்லலாம், மற்ற எல்லாரும் பாட்டுப் போடலாம் என்ற ஏற்பாடே ஒரு சாய்வு. டெல்லியில் எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அந்தச் சாய்வு அதற்கு உதவுகிறது. அதனால்தான் எந்தக் கட்சியும் ஆட்சிக்கு வந்த பிறகு இந்தத் தடையை நீக்கவில்லை.

சென்னையில் வானொலி பிறந்தபோது அது அரசின் கையில் இல்லை. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் 1924 மே 16 அன்று சென்னை மாகாண வானொலிக் கழகத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு ஜூலையில் ஒலிபரப்பு ஆரம்பமானது. பணமில்லாமல் 1927இல் கழகம் மூடப்பட்டதும் கருவிகள் மாநகராட்சிக்குப் போயின. 1930 ஏப்ரல் 1 முதல் சென்னை மாநகராட்சியே வானொலி நடத்தியது. கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்து ஊருக்கே கேட்க வைத்தார்கள். ஓர் உள்ளாட்சி அமைப்பு தன் மக்களுக்காக வானொலி நடத்திய அந்த எட்டு ஆண்டுகளை இன்று யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. அதன்பின் அறுபது ஆண்டுக்கு மேல் இந்த ஊரின் காற்று டெல்லியின் உடைமையாக இருந்தது.

அந்த வானொலி தமிழுக்குச் செய்தது குறைவு என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1960களில் தஞ்சை வட்டாரத்தில் ஏ.டி.டி. 27 என்ற புது நெல்ரகம் பரவியபோது, திருச்சி வானொலியின் பண்ணைச் செய்திகளைக் கேட்டுப் பயிரிட்ட உழவர்கள் அதை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். பேச்சு செய்த வேலை அது. உழவர் மொழியில், உழவர் கேட்கும் நேரத்தில், அவருக்குப் பயன்படும் விஷயத்தை நம்பகமான ஒரு குரல் சொன்னது. வேளாண் ஒலிபரப்பிலிருந்து வந்த தென்கச்சி கோ. சுவாமிநாதன், பிறகு சென்னை நிலையத்தில் ‘இன்று ஒரு தகவல்’ சொன்னார். சில நிமிடப் பேச்சுதான். காலையில் வேலைக்குக் கிளம்புகிறவர்கள் அதைக் கேட்டு முடித்துவிட்டே படியிறங்கினார்கள். தமிழ் நேயர் பேச்சை விரும்பமாட்டார், பாட்டுதான் விலைபோகும் என்று இன்றைய நிலையங்கள் சொல்லும்போது இந்த இரண்டு உதாரணங்களையும் நினைவில் வையுங்கள். பேச்சுக்குக் காது கொடுக்கும் ஊர் இது. மேடைப் பேச்சைக் கேட்க நள்ளிரவு வரை மண்ணில் உட்கார்ந்திருந்த மக்களின் ஊர்.

அந்த மேடைதான் இங்கே அரசியலை மாற்றியது என்பதும் கவனிக்கத்தக்கது. திராவிட இயக்கம் வளர்ந்த ஆண்டுகளில் அதன் கருவிகள் பொதுக்கூட்டமும் பத்திரிகையும் நாடகமும் சினிமாவும். வானொலி அதற்குக் கிடைக்கவில்லை. அது மத்திய அரசின் துறை. 1950களில் தகவல், ஒலிபரப்பு அமைச்சர் பி.வி. கேஸ்கர் திரைப்பாடல்களுக்கே கதவடைத்தபோது நேயர்கள் இலங்கை வானொலிக்குத் திரும்பினார்கள். 1957இல் விவித பாரதி தொடங்கியபோது பாட்டு திரும்பி வந்தது. அரசியல் பேச்சுக்கு அப்படி ஒரு விவித பாரதி வரவே இல்லை.

1960களின் இறுதியில் உருவான அகில இந்திய வானொலியின் ஒலிபரப்பு நெறிமுறை, மதம், இனம், வன்முறை, நீதிமன்ற அவமதிப்பு என்று எவரும் ஏற்கக்கூடிய தடைகளோடு வேறு இரண்டையும் சேர்த்தது. எந்த அரசியல் கட்சியையும் பெயர் சொல்லித் தாக்கக் கூடாது. மத்திய அரசையோ மாநில அரசையோ பகைமையுடன் விமர்சிக்கக் கூடாது. எது பகைமை என்று முடிவு செய்வது நிலைய அதிகாரி. அவருக்குச் சம்பளம் தருவது அரசு. பிற்காலத்தில் தனியார் பண்பலைகளுக்கு உரிமம் கொடுத்தபோது இதே நெறிமுறையை அவர்களும் பின்பற்ற வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டார்கள்.

1975 ஜூன் 26 காலை இந்திரா காந்தி நெருக்கடி நிலையை நாட்டுக்கு அறிவித்தது இந்த வானொலியில்தான். 1984 அக்டோபர் 31 அன்று அவரே சுடப்பட்டு இறந்தபோது, பி.பி.சி. பகலிலேயே சொல்லிவிட்ட செய்தியை அகில இந்திய வானொலி மாலைவரை சொல்லவில்லை. சொந்த நாட்டின் பிரதமருக்கு என்ன ஆனது என்பதை அயல்நாட்டுச் சிற்றலையில் தேடிய அந்தப் பகல்பொழுது, அரசு வானொலியின் நம்பகத்தன்மைக்கு விழுந்த பெரிய அடி. வாசித்தவர்களின் குற்றம் அல்ல அது. டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமியின் குரலைத் தமிழ்நாடு தன் வீட்டுக் குரலாகவே ஏற்றுக்கொண்டிருந்தது. தாளில் எதை எழுதுவது என்ற முடிவு வேறிடத்தில் இருந்தது.

அகில இந்திய வானொலியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் பிரசார் பாரதி என்ற தன்னாட்சி அமைப்பு 1997இல் நடைமுறைக்கு வந்த பிறகு நிலைமை மாறியிருக்க வேண்டும். ஆனால் 2017 ஆகஸ்டில் திரிபுரா முதலமைச்சர் மாணிக் சர்க்கார் பதிவுசெய்து கொடுத்த சுதந்திர தின உரையைத் தூர்தர்ஷனும் வானொலியும் திருத்தாமல் ஒலிபரப்ப மறுத்தன. 1977 முதல் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்குத் தேர்தல் காலத்தில் இலவச நேரம் தரப்படுகிறது, நல்ல ஏற்பாடு. ஆனால் உரையை முன்கூட்டியே எழுதிக் காட்டி அனுமதி வாங்க வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் தலைவர் சீதாராம் யெச்சூரியின் உரையிலிருந்து சில சொற்களை நீக்கச் சொன்னார்கள். பார்வர்டு பிளாக் தலைவர் ஜி. தேவராஜனிடம் ‘முஸ்லிம்’ என்ற சொல்லை எடுக்கச் சொன்னார்கள். வாக்குக் கேட்கும் கட்சி எந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம் என்பதை ஒலிபரப்பும் நிறுவனம் தீர்மானிக்கிற நாட்டில், அந்த இலவச நேரத்தின் பயன் பாதியாகிவிடுகிறது.

பிரதமரின் ‘மனதின் குரல்’ 2014 அக்டோபர் 3 அன்று தொடங்கி, 2023 ஏப்ரல் 30 அன்று நூறாவது ஒலிபரப்பை எட்டியது. ஒரு பிரதமர் மாதந்தோறும் மக்களோடு வானொலியில் பேசுவது வரவேற்க வேண்டிய விஷயம். அமெரிக்காவில் அதிபர் ரீகன் 1982இல் வாராந்தர வானொலி உரையைத் தொடங்கினார். அங்கே அவர் பேசி முடித்ததும் எதிர்க்கட்சியின் பதிலுரைக்கும் நேரம் ஒதுக்கப்பட்டது. இங்கே பதிலுரை கிடையாது. நாட்டின் மக்கள்தொகையில் 99 விழுக்காட்டுக்கும் மேல் சென்றடைவதாகச் சொல்லும் ஓர் ஒலிபரப்பில் எதிர்க்கட்சித் தலைவருக்கு மாதம் பத்து நிமிடம்கூட இல்லை.

இனி தனியார் பண்பலைகள். 1993இன் ஹீரோ கோப்பை கிரிக்கெட்டை யார் ஒளிபரப்புவது என்ற தகராறு உச்ச நீதிமன்றம் போய், 1995 பிப்ரவரியில் வந்த தீர்ப்பில் நீதிபதிகள் பி.பி. சாவந்த், எஸ். மோகன், பி.பி. ஜீவன் ரெட்டி மூவரும் அலைவரிசை பொதுச் சொத்து என்றார்கள். அரசின் ஏகபோகத்துக்கு இடமில்லை என்ற அந்தத் தீர்ப்பின் வழியாகவே தனியார் நிலையங்கள் வந்தன. சென்னையில் சன் குழுமத்தின் சூரியன், டைம்ஸ் குழுமத்தின் மிர்ச்சி, தினத்தந்தி குழுமத்தின் ஹலோ என்று பத்திரிகை, தொலைக்காட்சி முதலாளிகளே வானொலிக்கும் முதலாளிகளானார்கள். ஆங்கிலத்தில் பேச்சுக்கே முதலிடம் என்று சென்னை லைவ் 104.8 முயன்று பார்த்தது. செய்தியும் நடப்பு அரசியலும் தொடக்கூடாத பேச்சு எவ்வளவு தூரம் ஓடும்?

இந்த நிலையங்கள் அரசியல் பேசாவிட்டாலும் அரசியல் அவற்றை விடவில்லை. 2015இல் மூன்றாம் கட்ட ஏலத்தில் பங்கேற்க சன் குழும நிறுவனங்களுக்கு உள்துறை அமைச்சகம் பாதுகாப்பு ஒப்புதல் மறுத்தது; குழும உரிமையாளர் குடும்பத்தைச் சேர்ந்த மாறன் சகோதரர்கள் மீது நிலுவையில் இருந்த வழக்குகளைக் காரணம் காட்டியது. சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு வாங்கித்தான் அவர்கள் ஏலத்தில் உட்கார்ந்தார்கள். அந்த வழக்குகளில் ஒன்றான ஏர்செல்–மேக்சிஸ் வழக்கிலிருந்து 2017 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் மாறன் சகோதரர்களை விடுவித்தது. மாறன் குடும்பத்தின் கட்சிச் சார்பு பற்றி எவருக்கும் ஒரு கருத்து இருக்கலாம். ஆனால் பாட்டுப் போடும் நிலையத்துக்கே பாதுகாப்பு ஒப்புதல் மறுக்கப்படலாம் என்றால், நாளை செய்தி சொல்லும் நிலையத்துக்கு என்ன துணிச்சல் வரும்? ஏலத்துக்கும் உரிமத்துக்கும் அமைச்சகத்தின் தயவில் நிற்கும் முதலாளி, நிகழ்ச்சி தொகுப்பாளரிடம் எதுவும் சொல்லவே வேண்டியதில்லை. அவருக்கே தெரியும்.

பிக் எஃப்.எம்.மில் பேர்வாங்கிய ஆர்.ஜே. பாலாஜியின் பாதையைப் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது நடிகர் சித்தார்த்தோடு சேர்ந்து நிவாரணம் ஒருங்கிணைத்தார். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின்போது மெரினாவில் பேசினார். அந்தப் பேச்சு தமிழ்நாடு முழுக்கப் பரவியது. 2019இல் ‘எல்.கே.ஜி.’ என்று அரசியல் படமே எழுதி நடித்தார். வானொலி வளர்த்த ஒரு நாக்கு, தனக்குத் தோன்றியதை ஊருக்குச் சொல்ல மணலுக்கும் திரைக்கும் போக வேண்டியிருந்தது. இதற்கிடையே தேர்தல் வந்தால் அதே பண்பலைகளில் கட்சி விளம்பரங்கள், தேர்தல் ஆணையச் சான்றிதழோடு, பாட்டுக்குப் பாட்டு வருகின்றன. பணம் கட்டிய கட்சி நேயரிடம் பேசலாம். அந்தக் கட்சியிடம் நேயர் ஒரு கேள்வி கேட்கும் நிகழ்ச்சிக்கு இடமில்லை.

சமுதாய வானொலிகளின் நிலையும் வேறில்லை. அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 2004 பிப்ரவரி 1 அன்று தொடங்கிய அண்ணா எஃப்.எம். நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி. பாம்பன் தீவில் மீனவர்களுக்காகவே 2016இல் வந்தது கடல் ஓசை. காற்று, அலை, மீன்வரத்து, கடல்வளம் எல்லாம் அங்கே பேசலாம். இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துக்கொண்டு போனால் அதைச் சொந்தச் செய்தியாளரை வைத்து விசாரித்துச் சொல்ல உரிமமில்லை. அந்தத் தீவில் அதைவிடப் பெரிய செய்தி என்ன இருக்கிறது?

தடையை நீக்கினால் என்ன ஆபத்து என்று கேட்பவர்களின் கேள்வி நேர்மையானது. ‘காமன் காஸ்’ அமைப்பு 2013இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் அரசு பாதுகாப்பையே காரணமாகச் சொன்னது. 2017இல் நீதிமன்றமே, தொலைக்காட்சிக்கு உள்ள உரிமை வானொலிக்கு ஏன் இல்லை என்று கேட்டது. ருவாண்டாவில் 1993இல் தொடங்கிய ஆர்.டி.எல்.எம். நிலையம் அடுத்த ஆண்டு இனப்படுகொலையைத் தூண்டியது மறக்கக்கூடியதல்ல. ஆனால் அது ஆட்சியாளர்களுக்கு நெருக்கமானவர்கள் நடத்திய நிலையம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தமிழுக்கு மிக அருகிலுள்ள பாடம் இலங்கையில் இருக்கிறது. அங்கே தனியார் தமிழ் வானொலிகளுக்குச் செய்தி உரிமை கிடைத்தது. போர் நடந்த ஆண்டுகளில் அரசு வானொலியில் ஈ.பி.டி.பி. கட்சியின் ‘இதயவீணை’ நிகழ்ச்சி விடுதலைப் புலிகளை எதிர்த்துப் பேசியது. வன்னியிலிருந்து ‘புலிகளின் குரல்’ மறுபக்கத்தைப் பேசியது. இரண்டுக்கும் நடுவே கொழும்பின் சூரியன் எஃப்.எம். (சென்னைச் சூரியன் வேறு) ‘விழுதுகள்’ என்ற நடப்பு அரசியல் நிகழ்ச்சியை நடத்தியது. விலை கடுமையாக இருந்தது. புலிகளை விமர்சித்த நிகழ்ச்சிகளில் பங்கேற்ற ரேலங்கி செல்வராஜா 2005 ஆகஸ்ட் 12 அன்று கணவரோடு சுட்டுக் கொல்லப்பட்டார். சூரியன் எஃப்.எம்.மின் செய்தி முகாமையாளர் நடராஜா குருபரன் 2006 ஆகஸ்ட் இறுதியில் கடத்தப்பட்டு மறுநாள் விடப்பட்டார். 2007 நவம்பர் 27 அன்று இலங்கை விமானப்படை புலிகளின் குரல் நிலையத்தின் மீது குண்டு வீசியதில் ஊழியர்கள் இறந்தார்கள். இவர்களைத் தாக்கியவை வெவ்வேறு கைகள். எந்தப் பக்கத்தின் குரலுக்கும் பாதுகாப்பில்லை என்பதே இதிலிருந்து தெரிவது. ஒரு வானொலிக்கு உரிமம் கொடுத்துவிட்டு, பேசுபவரின் உயிருக்கு யாரும் பொறுப்பேற்காவிட்டால் அந்த உரிமத்துக்குப் பொருளில்லை. 1941இல் தொடங்கிய பி.பி.சி.யின் தமிழோசையை ஈழத்திலும் தமிழகத்திலும் அவ்வளவு பேர் நம்பியதற்குக் காரணம், இரு தரப்பையும் ஒரே அரைமணியில் அங்கே கேட்க முடிந்ததுதான். 2017 ஏப்ரல் 30 அன்று அந்த ஒலிபரப்பும் நின்றது. அதன் இடத்தை எந்தத் தமிழ் வானொலியும் எடுத்துக்கொள்ளவில்லை.

அமெரிக்கக் கதை வேறு வகை எச்சரிக்கை. அங்கே 1949 முதல் ‘நியாய விதி’ ஒன்று இருந்தது: சர்ச்சைக்குரிய பொது விஷயங்களை நிலையங்கள் பேசியாக வேண்டும், மாறுபட்ட கருத்துக்கும் இடம் தர வேண்டும். 1969இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 1987இல் ரீகன் காலத்து ஒலிபரப்பு ஆணையம் விதியை ரத்து செய்தது. 1988 ஆகஸ்டில் வலதுசாரிப் பேச்சாளர் ரஷ் லிம்போவின் நிகழ்ச்சி நாடு முழுக்கப் போகத் தொடங்கியது. தினம் மூன்று மணி நேரம், ஒரே குரல், ஒரே பக்கம். 1994இல் குடியரசுக் கட்சி நாற்பது ஆண்டுக்குப் பின் கீழவையைப் பிடித்தபோது, புது உறுப்பினர்கள் அவரைத் தங்களில் ஒருவராகவே கௌரவித்தார்கள். போட்டிக்கு இடதுசாரிகள் 2004இல் தொடங்கிய ஏர் அமெரிக்கா வானொலி 2010இல் மூடப்பட்டது. 1996இன் தொலைத்தொடர்புச் சட்டம் ஒரு முதலாளி நாடு முழுக்க எத்தனை நிலையம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள வழிவிட்டதும், ஊருக்கு ஊர் இருந்த குரல்கள் போய் ஒரே குரல் எல்லா ஊரிலும் கேட்டது.

ஆக, இந்தியாவில் பூட்டு. அமெரிக்காவில் வேலியே இல்லாத வெளி. தமிழர்களுக்கு இரண்டுக்கும் இடைப்பட்ட ஒன்று ஏற்கெனவே பழக்கம். பட்டிமன்றத்தில் இரண்டு அணியும் பேசியாக வேண்டும், நேரம் சமம், நடுவர் முடிவில் காரணம் சொல்ல வேண்டும். வானொலிச் செய்திக்கும் அப்படியொரு விதியை எழுதுவது கடினமான காரியமில்லை. பெயர் சொல்லி விமர்சிக்கப்பட்டவருக்கு அதே நேரத்தில், அதே அளவில் பதில் சொல்லும் உரிமை வேண்டும். நிலையத்தின் உரிமையாளர் யார், அவருக்கு வேறு எந்த ஊடகம் சொந்தம் என்பதை நாள்தோறும் ஒலிபரப்பிலேயே சொல்ல வேண்டும். ஒரு நகரத்தில் நாளிதழும் தொலைக்காட்சியும் வைத்திருப்பவரின் வானொலிக்குக் கூடுதல் கட்டுப்பாடு வேண்டும். புகாரை விசாரிக்கும் அமைப்பு அமைச்சகத்துக்குக் கீழே இருக்கவே கூடாது. இது இல்லாமல் மற்றவை எல்லாம் வீண்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2023 செப்டம்பரில் தனியார் பண்பலைகளுக்கு மணிக்குப் பத்து நிமிடம்வரை சொந்தச் செய்தி ஒலிபரப்ப அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. அது போதாது, ஆனால் கதவு திறக்கும் முதல் அங்குலம். 2024 ஆகஸ்டில் 234 புதிய நகரங்களில் 730 அலைவரிசைகளை ஏலம்விட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தமிழ்நாட்டு ஊர்களும் அதில் உண்டு. தாய்மொழியில் உள்ளூர் நிகழ்ச்சிகள் பெருகும் என்பதை அரசே அதற்குக் காரணமாகச் சொன்னது. உள்ளூர்ச் செய்தி இல்லாத உள்ளூர் நிகழ்ச்சியில் பாதி ஊர் விடுபட்டுப்போகிறது.

இரண்டாம் கட்டத்திலிருந்து மூன்றாம் கட்டத்துக்கு மாறிய பழைய நிலையங்களின் உரிமக் காலம் 2015 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு. 2030 மார்ச்சில் அது முடிகிறது. அடுத்த உரிமத்தின் நிபந்தனைகளை அதற்கு முன்பே எழுதுவார்கள். டிராய் ஒவ்வொரு முறையும் கலந்தாலோசனை அறிக்கை வெளியிட்டுக் கருத்துக் கேட்கும். நிறுவனங்களும் அவற்றின் சங்கங்களும் தவறாமல் எழுதுகின்றன. நேயர்களும் எழுதலாம். குடியிருப்போர் நலச் சங்கங்களும் நூலக வாசகர் வட்டங்களும் கல்லூரி ஊடகத் துறைகளும் அந்த அறிக்கை வரும்போது தங்கள் கருத்தை அனுப்ப வேண்டும்.